மிளகைக் கனக்கச் செய்தவன்

என்மீது சுமத்தப்பட்ட குற்றம் இது: நான் பாட்டுக் கேட்டதனால் அடுத்த கடைச் சிகாபுதீனின் மிளகு கனத்துவிட்டது.

புதன்கிழமை காலை பத்தரை மணிக்கு, மிருதங்கத் தனியாவர்த்தனம் பாதியில் இருக்கும்போது, கதவைத் தட்டி இதைச் சொன்னார் அவர். நான் சிரிக்கவில்லை. முப்பத்துநான்கு ஆண்டுகள் பள்ளியில் கணிதம் கற்பித்தவன் நான். ஒரு கூற்றைச் சொல்பவனே அதை நிறுவவும் கடமைப்பட்டவன் என்று சில ஆயிரம் பிள்ளைகளுக்குச் சொல்லித் தொண்டை தேய்ந்தவன். பாட்டுக்கும் மிளகின் எடைக்கும் தொடர்பு உண்டென்று ஒருவர் என் வாசலில் நின்று சொல்வாரானால், எனக்குச் சிரிப்பு வராது, கோபந்தான் வரும்.

"மாஷே, ஒரு கார்யம் பறயணும். தப்பா எடுத்துக்கப்படாது" என்றுதான் தொடங்கினார். கொச்சியின் இந்த மட்டாஞ்சேரியில் எல்லோருக்கும் நான் மாஷ், அதாவது வாத்தியார். ராமபத்ரன் என்னும் பெயர் ஓய்வூதியப் புத்தகத்தில் மட்டும் இருக்கிறது.

"தப்பா இருந்தா தப்பாத்தான் எடுத்துப்பேன். சொல்லுங்கோ."

"உங்க பாட்டு சொவரு வழியா எங்க மேசைக்கு வருது. மேசை நடுங்குது. மேசை நடுங்குனா மிளகு அமருது. அமந்தா கனம் கூடுது."

"கூடினா உங்களுக்கு நல்லதுதானே? எதுக்கு இங்கே வந்து நிக்கறேள்?"

"அதுதான் மாஷே கொழப்பம். கூடப்படாதே!"

மிளகு வாங்குகிறவர்கள் அதன் தரத்தை லிட்டர் எடையால் அறிவார்கள். ஒரு லிட்டர் கொள்ளும் பாத்திரத்தில் மிளகைக் கொட்டி, விளிம்போடு தலைதட்டி, உள்ளே இருப்பதை நிறுப்பார்கள். மணி முற்றியிருந்தால் எடை கூடும். பதராக இருந்தால் குறையும். சிகாபுதீன் ஒவ்வொரு சரக்கையும் இப்படி நிறுத்து, அந்த எண்ணை ஒரு சீட்டில் எழுதிக் கையெழுத்திட்டுச் சாக்குகளோடு அனுப்புவார். நாற்பது ஆண்டுகளாக அந்தச் சீட்டை வாங்கியவர்கள் மறுபடி அளந்ததில்லை. அளப்பதற்கு அவருக்கென்று ஒரு முறையும் உண்டு. பாத்திரத்தின்மேல் கூம்பாகக் குவியும்வரை கொட்டுவார். கையை எடுத்துவிட்டுக் கண்ணை மூடி, நிறுத்தி நிதானமாகப் பிஸ்மி சொல்வார். சொல்லி முடித்த பின்பே கோலை எடுத்துத் தலைதட்டுவார். அவருடைய வாப்பா அப்படிச் செய்தவர், இவரும் செய்கிறார்.

இந்த ஆண்டு முதல், இவரிடம் வாங்கும் ஏற்றுமதி நிறுவனம் ஒன்று, வல்லார்பாடம் துறைமுகத்துக்குக் கண்டெய்னர் புறப்படுமுன் எல்லாச் சரக்கையும் தானும் ஒருமுறை அளக்கிறது. சிகாபுதீனின் மூன்று சரக்குகளில் சீட்டிலிருந்த எண் அவர்கள் அளந்த எண்ணைவிட அதிகமாக இருந்தது. ஒருமுறை பதினான்கு கிராம்; மறுமுறை பதினாறு; பிறகு பதினைந்து.

"அந்தக் கம்பெனியில வாங்கறதுக்கு ஹரிநாராயணன்னு ஒரு ஆபீசர். போன்ல என்ன கேட்டாரு தெரியுமா? 'எந்தா இக்கா, வயசாச்சில்லே, கை கொஞ்சம் அமுக்குதோ?'ன்னாரு. சிரிச்சுக்கிட்டேதான் கேட்டாரு. ஆனா திங்கக்கிழமை சொந்தமாப் பாத்திரமும் தராசும் எடுத்துக்கிட்டு வராரு. என் கடையில, என் முன்னாடி அளக்கப் போறாரு. சிகாபுதீன் அமுக்கி அளக்கறான்னு பஜார்ல ஒரு பேரு வந்துட்டா, அது அப்புறம் போவாது மாஷே."

"அதுக்கு நான் என்ன பண்ணணும்?"

"திங்கக்கிழமை வரைக்கும் காலம்பற பாட்டு வைக்காம இருந்தாப் போதும்."

கேட்டது சிறிய உதவி. ஆனால் முதலில் குற்றத்தைச் சொல்லிவிட்டு, பிறகு உதவியைக் கேட்டார். பாட்டை நிறுத்தினால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக ஆகும். ஆகவே மறுத்தேன். மறுப்பதற்கு என்னிடம் அசைக்கமுடியாத காரணமும் இருந்தது.

"சிகாபுதீனே, இந்த சப்வூஃபர்லே சத்தமே வரல்லையாக்கும்! மூணு மாசமா இதை வித்த கடைக்காரனோட சண்டை பிடிச்சிண்டிருக்கேன். எனக்கே கேக்காத சத்தம் உங்க மேசைக்கு எப்படி வரும்?"

அவர் என்னை ஒரு முறை பார்த்தார். எனக்குப் பின்னால், அறையில் அதிர்ந்துகொண்டிருந்த ஜன்னல் கண்ணாடியையும் ஒரு முறை பார்த்தார். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

நான் சொன்னது பொய்யில்லை. கச்சேரிப் பதிவுகளில் மிருதங்கத்தின் வலக்கைச் சொற்கள் துல்லியமாகக் கேட்கும். இடந்தலையின் கனத்த நாதமோ சிறிய ஒலிபெருக்கிகளில் அட்டைப்பெட்டியைத் தட்டுவதுபோல் இருக்கும். அந்தக் குறை தீரவே இடப்பள்ளியில் ஒரு கடையில், தாழ்ந்த ஒலிக்கென்றே உள்ள சப்வூஃபர் பெட்டி வாங்கினேன். கேட்கும் அறையையும் முறையாக அமைத்தேன். அறை பதினான்கு அடி நீளம், பத்தடி அகலம். சிகாபுதீன் கடைக்கும் எங்கள் வீட்டுக்கும் பொதுவான வெட்டுக்கல் சுவரின் நடுவே மாடம்போல் ஒரு பிறை இருக்கிறது. இரண்டும் ஒரே பண்டகசாலையாக இருந்தபோது அது வாசலாக இருந்ததாம். பின்னாளில் பலகையால் அடைத்துவிட்டார்கள். சப்வூஃபர் அந்தப் பிறைக்கு அளவெடுத்தாற்போல் பொருந்தியது. அடுத்தது நாற்காலி. அறையின் மூலைக்கு மூலை இரண்டு நூல்களைக் கட்டி, மூலைவிட்டங்கள் வெட்டும் புள்ளியைத் தரையில் சுண்ணாம்பால் குறித்து, அந்தப் புள்ளியின்மேல் நாற்காலியைப் போட்டேன். ஒலி நான்கு பக்கங்களிலிருந்தும் ஒருவனுக்குச் சமமாக வந்து சேரவேண்டுமென்றால் அவன் வேறெங்கே உட்காருவான்?

அப்படி உட்கார்ந்தவனுக்கு இடந்தலை கேட்கவில்லை. சப்வூஃபரின் ஒலித் திருகைப் பாதிக்கு ஏற்றினேன்; முக்காலுக்கு ஏற்றினேன்; இறுதியில் முழுவதும் ஏற்றினேன். அட்டைப்பெட்டி அட்டைப்பெட்டியாகவே இருந்தது. பழுதான பெட்டியை என் தலையில் கட்டிவிட்டார்கள் என்று முடிவுசெய்து, கடைக்கு மூன்று கடிதங்கள் எழுதினேன். எழுவாய் பயனிலை பிறழாத, ஒற்று ஒன்றும் விடுபடாத கடிதங்கள். மூன்று பக்கங்கள் கொண்ட மூன்றாவது கடிதத்துக்கு என் கைப்பேசியில் பதில் வந்தது: கட்டைவிரலை உயர்த்திக் காட்டும் ஒரு மஞ்சள் படம். நாகரிகமுள்ள ஒரு கடை, வாடிக்கையாளரிடம் இப்படி நடந்துகொள்ளலாமா? நுகர்வோர் நீதிமன்றத்தைக் குறிப்பிட்டு நான்காவது கடிதம் எழுதியபின், வியாழக்கிழமை ஆளனுப்புவதாகச் சொன்னார்கள்.

புதன்கிழமை பிற்பகல், குற்றச்சாட்டைத் தகர்த்துவிட்டு வரலாம் என்று சிகாபுதீன் கடைக்குப் போனேன். என் மனைவி சீதாலக்ஷ்மியும் கூட வந்தாள். நான் கோபமாக எங்கே போனாலும் அவள் கூட வருவாள்.

"நிரூபணம் எங்கே?" என்றேன்.

சிகாபுதீன் ஒரு தகர டப்பாவையும் ஒரு நோட்டையும் மேசைமேல் வைத்தார். "இது ஒரே மிளகு மாஷே. ஹரிநாராயணன் போன் பண்ணின அன்னைக்கு எடுத்து வெச்சேன். தினமும் காலம்பற இதையே அளந்து பாக்கறேன். ஒரு நாள் அஞ்ஞூத்தி அறுபத்திரெண்டு. ஒரு நாள் அஞ்ஞூத்தி நாப்பத்தேழு. எனக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சோன்னு பயந்துட்டேன். போன வாரந்தான் மேசைமேல கைய வெச்சுப் பார்த்தேன்."

மேசை என்று அவர் சொன்னது, அடைத்த வாசலின் மரச்சட்டத்தில் ஆணியடித்துப் பொருத்திய ஒரு நீண்ட பலகை. அதன் மறுபக்கத்தில் என்ன இருக்கிறது என்பதை நான் எண்ணிப் பார்க்க விரும்பவில்லை.

சீதாலக்ஷ்மி மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு நோட்டைப் படித்தாள். "ஏன்னா, ஏழாம் தேதி நாம எங்கே போனோம்?"

"எர்ணாகுளம். உன் பல்லுக்கு."

"ஏழாம் தேதி நாப்பத்தேழு. பதினொண்ணு, பன்னெண்டு?"

"பாலக்காட்டுலே கல்யாணம்."

"ரெண்டு நாளும் நாப்பத்தேழு. பாக்கி எல்லா நாளும் அறுபதுக்கு மேலே." நோட்டை மூடினாள். "நாம ஆத்துலே இல்லாத நாள்லேதான் மிளகுக்குச் சரியான எடை."

"மூணு நாள் ஒத்துப்போனா அது நிரூபணம் ஆகாது!" என்றேன்.

"சாயா குடிச்சுட்டுப் போங்க மாஷே" என்றார் சிகாபுதீன். அந்த நேரத்தில் அவர் காட்டிய மரியாதை எனக்குப் பிடிக்கவேயில்லை.

வியாழக்கிழமை இடப்பள்ளிக் கடையிலிருந்து வந்தவள் ஸாதனா என்னும் நாற்பது வயதுப் பெண். மடிக்கணினி, ஒரு முக்காலி, அதன் தலையில் பொருத்தப் பென்சில் போன்ற ஒலிவாங்கி ஒன்று. காலணியைக் கழற்றும்போதே சொன்னாள்:

"ஸார், உங்க லெட்டரை ஷாப்புலே ஆருக்கும் வாசிக்கத் தெரியலை. எல்லாரும் மலையாளிகளாக்கும். தமிழ் லெட்டர், ஆரோ சந்தோஷமா வாழ்த்து எழுதியிருக்கான்னு நினைச்சு ஒரு தம்ஸ் அப் விட்டுட்டா. நாலாவது வந்தப்போ என்கிட்டே தந்தா. நானும் எழுத்துக் கூட்டித்தான் வாசிச்சேன். கொறச்சு நேரம் ஆச்சு."

"எத்தனை நேரம்?"

"ஒரு நாள் உச்சைக்கு மேலே, சாயங்காலம் வரைக்கும் முழுக்க."

மூன்று பக்கங்களை வாழ்த்தென்று கொண்ட அந்தக் கடையைப் பற்றி நான் சொல்லத் தொடங்கியபோது, அவள் நாற்காலியில் நான் உட்காரும்போது காது இருக்கும் உயரத்தில் ஒலிவாங்கியை நிறுத்திவிட்டு, விரலை உதட்டில் வைத்தாள். என்னை, என் வீட்டில், வாயடைக்கச் சொன்னாள். பெட்டியிலிருந்து ஓர் ஓசை எழுந்தது. தரைக்குக் கீழிருந்து புறப்பட்டதுபோல் தொடங்கி, மெல்ல மெல்ல உயர்ந்து, கொசுவின் ரீங்காரத்தில் முடிந்தது. திரையில் ஒரு கோடு வரையப்பட்டது. மேடு, சமவெளி, பிறகு கிணறு வெட்டியதுபோல் ஒரு பள்ளம்.

"பாத்தியா? பெட்டி பழுது!" என்றேன்.

"பெட்டிக்கு ஒரு கொழப்பமும் இல்லை, ஸார். அம்பத்தேழு ஹெர்ட்ஸ்லே, தாழ்ந்த சத்தத்துலே, ஒரு குழி இருக்கு. குழி நாற்காலியிலேயாக்கும்."

"நாற்காலியிலேயா?"

முக்காலியைத் தூக்கிக்கொண்டுபோய்ச் சுவரோரம், பிறைக்கு அருகில் வைத்தாள். அதே ஓசையை மறுபடி எழுப்பினாள். சற்றுமுன் பள்ளம் இருந்த அதே இடத்தில் கோடு மலையாக எழுந்தது. இரண்டுக்கும் இருபது டெசிபலுக்கு மேல் வேறுபாடு என்றாள்.

"ஸார், சத்தம் இந்தச் சொவத்துலேருந்து போய் அந்தச் சொவத்துலே இடிச்சுத் திரும்பி வருதில்லே? ரூம் பத்தடி. போறதும் வரதும் சேர்ந்து, சொவத்துக்கிட்டே ஒண்ணுக்கொண்ணு தாங்கும். நடுவிலே ஒண்ணை ஒண்ணு அழிச்சு..."

"போதும்" என்றேன்.

அவள் முடிக்குமுன்பே எனக்கு விளங்கிவிட்டது. என் சினத்துக்கு அதுதான் காரணம். கோசைன் வளைவு இரு முனைகளிலும் உச்சத்தில் நிற்கும்; நட்டநடுவில் சுழியாகும். அந்த வளைவை முப்பத்துநான்கு ஆண்டுகள் கரும்பலகையில் வரைந்திருக்கிறேன். சுழியாகும் புள்ளியைக் காட்டத் தவறிய பிள்ளைகளைப் பெஞ்சின்மேல் ஏற்றியிருக்கிறேன். பிறகு அந்தப் புள்ளியையே நூல்கட்டித் தேடி, சுண்ணாம்பால் குறித்து, அதன்மேல் நாற்காலி போட்டு, மூன்று மாதங்கள் உட்கார்ந்திருக்கிறேன். கேட்கவில்லை கேட்கவில்லையென்று திருகை ஏற்றியவன் நான். ஏற்றிய ஒலியெல்லாம் சுவரில் போய்த் திரண்டு, பலகைவழியே மறுபக்கம் இறங்கி, ஒருவர் கண்ணை மூடிப் பிஸ்மி சொல்லும் நேரத்தில் அவருடைய மிளகை அழுத்தியிருக்கிறது.

ஸாதனா நாற்காலியைப் பல இடங்களுக்கு நகர்த்தி அளந்தாள். இறுதியில் ஜன்னல் பக்கத்துச் சுவரிலிருந்து மூன்றே முக்கால் அடியில் நிறுத்தினாள். ஒழுங்கும் இல்லாத, அழகும் இல்லாத ஓர் இடம். அதோடு நிற்கவில்லை. சப்வூஃபரைப் பிறையிலிருந்து எடுத்து நாற்காலியின்மேல் உட்காரவைத்தாள்.

"இனி நீங்க தவழணும், ஸார்."

"என்ன?"

"பெட்டி உங்க இடத்துலே இருக்கு. நீங்க பெட்டி இருக்கவேண்டிய இடத்தைத் தேடணும். தரையோட காதை வெச்சுச் சொவத்தோரமாப் போங்கோ. எங்கே பேஸ் நன்னாக் கேக்குதோ, அங்கே பெட்டியை வைக்கலாம். சத்தம் ரெண்டு வழிக்கும் ஒண்ணுதான்."

"அதுக்கு உன் மைக் இருக்கே!"

"மைக் சொல்றதை நீங்க நம்பமாட்டேள்னு எனக்கு லெட்டர்லேயே தெரிஞ்சு போச்சு."

எழுபத்தொரு வயதில், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, என் வீட்டுத் தரையில் நான் தவழ்ந்தேன். நாற்காலியில் ஒரு கறுப்புப் பெட்டி ஜமீன்தார்போல் அமர்ந்து மிருதங்கம் வாசித்துக்கொண்டிருந்தது. சீதாலக்ஷ்மி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "பேரன் ஒரு வயசுலே இப்படித்தான் போனான். இத்தனை வேகம் இல்லை" என்றாள். அலமாரிக்கும் ஜன்னலுக்கும் இடையில் வந்தபோது நான் நின்றேன். அங்கே இடந்தலை இருந்தது. அட்டைப்பெட்டி மறைந்து, தோலும் காற்றும் உள்ளங்கையுமாக, முழுமையாக இருந்தது. முழங்கால் வலித்தும் எழுந்திருக்கத் தோன்றவில்லை.

சப்வூஃபரை அங்கே வைத்து, அடியில் தடித்த ரப்பர் விரிப்பை இட்டு, திருகை மூன்றில் ஒரு பங்குக்குக் குறைத்தாள் ஸாதனா. முன்பு முழுத் திருகில் கேட்காதது இப்போது நெஞ்சில் வந்து நின்றது. இத்தனை நாளும் என்னை ஏமாற்றியவர் யாரென்று திட்டுவதற்கு ஆள் தேடினேன். ஒருவரும் அகப்படவில்லை.

சனிக்கிழமை சிகாபுதீனிடம் போய், "இனிமே நடுங்காது. பாட்டு ஓடிண்டிருக்கு, இப்பவே அந்த டப்பா மிளகை அளந்து பாருங்கோ" என்றேன். அளந்தார். ஐந்நூற்று நாற்பத்தேழு. மறுபடி அளந்தார். அதே எண். நன்றி சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் கோலை மேசைமேல் வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

"இப்போ என்ன கொழப்பம்?"

"திங்கக்கிழமை ஹரிநாராயணன் வருவாரு. அவரு பாத்திரத்துல நாப்பத்தேழு வரும். என் பாத்திரத்துலயும் நாப்பத்தேழு வரும். அவரு என்ன நினைப்பாரு மாஷே? ஆள் முன்னாடி நின்னா இக்கா நேரா அளக்கறாரு, இல்லாட்டி அமுக்கறாருன்னுதானே? கூடுதலா வந்திருந்தாக்கூட, வயசாயிருச்சு, கை நடுங்குதுன்னு விட்டிருப்பாரு. இப்போ சரியா வந்தா நான் கள்ளன்."

பிழையற்ற தர்க்கம். நான் திருத்திய திருத்தமே அவருடைய குற்றத்துக்குச் சான்றாகிவிட்டது. அவர் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

வீட்டுக்கு வந்து அறைக்குள் குறுக்கும் நெடுக்குமாக நடந்தேன். பார்த்தேயிராத அந்த ஹரிநாராயணன்மேல் அடங்காத கோபம் வந்தது. நாற்பது ஆண்டுக் கையெழுத்தைச் சிரித்துக்கொண்டே சந்தேகிக்க அவர் யார்? அந்தக் கோபம் சற்றுத் தணிந்ததும் இன்னொன்று எழுந்தது. உண்மையைச் சொல்லவேண்டுமானால், குழியில் உட்கார்ந்த கதையைப் பஜார் முழுவதற்கும் சொல்லவேண்டும். கணித மாஷ் அறையின் நடுவைக் கண்டுபிடித்த கதையை.

"கடைக்கு நாலு லெட்டர் எழுதினேளே, ஹரிநாராயணனுக்கு ஒண்ணு எழுதப்படாதா?" என்றாள் சீதாலக்ஷ்மி.

"லெட்டர் நிரூபணம் ஆகாது."

"பின்னே?"

ஞாயிற்றுக்கிழமை மாலை, ஸாதனா அரைநாள் உழைத்து அமைத்ததை நானே குலைத்தேன். ரப்பர் விரிப்பை உருவினேன். சப்வூஃபரைப் பிறைக்குள் பழையபடி திணித்தேன். திருகை முழுவதும் ஏற்றினேன். எந்தப் பாட்டை, எங்கிருந்து, எப்போது போடவேண்டும் என்று சீதாலக்ஷ்மிக்குச் சொல்லிக்கொடுத்தேன்.

திங்கட்கிழமை பதினோரு மணிக்கு ஹரிநாராயணன் வந்தார். நாற்பத்தைந்து வயது, இஸ்திரி போட்ட சட்டை, தோளில் ஒரு பை. பைக்குள்ளிருந்து பித்தளைப் பாத்திரம் ஒன்றும் சின்ன மின் தராசு ஒன்றும் வெளிவந்தன. கடையில் மூட்டை தைப்பவர்களும் சலிப்பவர்களுமாக ஏழெட்டுப் பேர் இருந்தார்கள்; அன்று ஒருவருக்கும் வேலை ஓடவில்லை. நான் நிலைப்படியில் நின்றேன்.

சிகாபுதீன் தகர டப்பா மிளகைத் தம் பாத்திரத்தில் கொட்டினார், பிஸ்மி சொன்னார், தலைதட்டினார், நிறுத்தார். ஐந்நூற்று நாற்பத்தேழு. ஹரிநாராயணன் அதையே தம் பாத்திரத்தில் கொட்டி, சட்டென்று தலைதட்டி நிறுத்தார். ஐந்நூற்று நாற்பத்தேழு.

"இன்னிக்கு கரெக்டா இருக்கே, இக்கா!" என்று புன்னகைத்தார்.

சிகாபுதீன் தலைகுனிந்து மேசையிலிருந்த ஒற்றை மிளகை விரலால் உருட்டிக்கொண்டிருந்தார். அதைப் பார்த்ததும் எனக்குள் இருந்த தயக்கமெல்லாம் எரிந்துபோயிற்று.

"ஸாரே, ஒரு அஞ்சு நிமிஷம் நிக்கணும்" என்றேன்.

"இது ஆரு?"

"பக்கத்து வீட்டு மாஷ்" என்றார் சிகாபுதீன், தலை நிமிராமல்.

"மூணு லாட்டுலேயும் மிளகைக் கனக்கப் பண்ணினவன் நானாக்கும்!"

கடையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். நான் கைப்பேசியில் சீதாலக்ஷ்மியை அழைத்து, "வை" என்றேன்.

முதலில் பலகை முனகியது. பிறகு சுவரில் மாட்டியிருந்த நாட்காட்டி படபடத்தது. தராசின் தட்டு மெல்லக் கிணுகிணுத்தது. மறுபக்கத்தில் மிருதங்கம் தொடங்கிவிட்டது.

"உங்க பாத்திரத்துலேயே கொட்டச் சொல்லுங்கோ. எங்க பாத்திரம் வேண்டாம்" என்றேன்.

சிகாபுதீன் ஹரிநாராயணனின் பித்தளைப் பாத்திரத்தில் அதே மிளகைக் கூம்பாகக் குவித்தார். கையை எடுத்தார். கண்ணை மூடினார். அவருடைய உதடுகள் அசைந்துகொண்டிருக்கும்போதே, எல்லோரும் பார்க்க, கூம்பின் முனை தளர்ந்தது. மணிகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி இறங்கின. குவியல் தானாக அமர்ந்தது. கோலால் தலைதட்டி நிறுத்தார். ஐந்நூற்று அறுபத்திரண்டு.

ஹரிநாராயணனின் புன்னகை போய்விட்டது. பாத்திரத்தைப் பிடுங்கி, தாமே கொட்டினார். சிகாபுதீன் செய்வதுபோலவே கையெடுத்து நின்றார். ஐந்நூற்று அறுபத்தொன்று. "பாட்டை நிர்த்தச் சொல்லுங்கோ" என்றார். நிறுத்தச் சொன்னேன். மறுபடி கொட்டினார். ஐந்நூற்று நாற்பத்தேழு. பலகையைக் கையால் தடவிப் பார்த்தார். குனிந்து அடியிலும் பார்த்தார்.

"இல்ல மாஷே, இத்தனை சத்தத்துலே நீங்க எப்படி உள்ளே உக்காந்திருந்தேள்?"

"எனக்குக் கேக்கல்லை."

"செவிக்குக் கொழப்பமா?"

"செவிக்கு ஒரு கொழப்பமும் இல்லை! நாற்காலிக்கு!" என்று தொடங்கி, அறையின் அகலம், மூலைவிட்டங்கள், சுழிப்புள்ளி எல்லாவற்றையும் ஒன்றும் விடாமல் சொன்னேன். தவழ்ந்ததை மட்டும் சொல்லவில்லை. அதைப் பின்னால் வந்து நின்ற சீதாலக்ஷ்மி சொன்னாள். கடையே சிரித்தது. சாக்குத் தைக்கும் ஒருவன் சிரித்த சிரிப்பில் ஊசியைத் தவறவிட்டுத் தேடினான். ஹரிநாராயணனும் சிரித்தார். சிகாபுதீன் மட்டும் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"சிரிச்சது போதும். 'கை அமுக்குதோ'ன்னு இவர்ட்டே கேட்டேளே, அதை வேறே ஆர் ஆர்கிட்டே சொன்னேள்?" என்று ஹரிநாராயணனைக் கேட்டேன்.

"ஆபீசுலே ரெண்டு பேர்கிட்டே... பின்னே பஜார்லே ஒருத்தர்கிட்டே..."

"மூணு பேருக்கும் இப்பவே போன் பண்ணுங்கோ. நாங்க கேக்கறாப்பலே."

வகுப்பில் நின்ற பிள்ளையைப்போல் அவர் என்னைப் பார்த்தார். பிறகு கைப்பேசியை எடுத்தார். மூன்று பேரிடமும் பேசினார். மூன்று முறையும் என் நாற்காலியின் கதையை முழுவதும் சொன்னார். ஒவ்வொரு முறையும் சுவைகூட்டிச் சொன்னார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன்.

போன் பேச்சு முடிந்ததும், அன்றைக்கு ஏற்றவேண்டிய அடுத்த சரக்கைச் சுமந்துவந்து இறக்கினார்கள். ஹரிநாராயணன் பித்தளைப் பாத்திரத்தைத் துடைத்துப் பைக்குள் வைத்தார். தராசையும் வைத்து, பையின் வாயை மூடினார். சிகாபுதீன் தம் பாத்திரத்தில் கொட்டி, கண்ணை மூடி, அவசரமில்லாமல் பிஸ்மி சொல்லி, தலைதட்டி, நிறுத்து, சீட்டில் எழுதிக் கையெழுத்திட்டார். ஹரிநாராயணன் தராசின் பக்கம் பார்க்கவேயில்லை. கையை நீட்டிச் சீட்டை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, "வரட்டுமா இக்கா" என்றார்.

சிகாபுதீன் ஒரு கிளாஸ் சாயாவை என் கையில் கொடுத்தார். அது தீரும்வரை பக்கத்தில் நின்றார்.

சப்வூஃபர் இப்போது அலமாரிக்கும் ஜன்னலுக்கும் இடையில், ரப்பர் விரிப்பின்மேல் இருக்கிறது. நான் மூன்றே முக்கால் அடியில் கோணலாக உட்கார்ந்து இடந்தலையைக் கேட்கிறேன். பஜார் தெருவில் நடந்தால் என் காதுபட 'குழி மாஷ்' என்கிறார்கள். இது பெரும் அநியாயம். அந்தக் குழி என்னுடையதன்று. பத்தடி அகலமுள்ள எந்த அறைக்கும் உள்ளது. அதை நிறுவ, ஸாதனா எடுத்துத் தந்த வரைபடம் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. இதுவரை யாரும் வந்து பார்க்கவில்லை.